திரையில் சிவப்பு எழுத்து

பூசைப் புத்தகத்தை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அதில் இரண்டு நிற எழுத்துகள் இருப்பது தெரிந்திருக்கும். கறுப்பு எழுத்தில் உள்ளவை குரு வாய்விட்டுச் சொல்லவேண்டிய செபங்கள். சிவப்பு எழுத்தில் உள்ளவை சொல்வதற்கல்ல, செய்வதற்கு. இங்கே கைகளை விரிக்கவும், இங்கே தலை வணங்கவும், இங்கே சற்று நேரம் மௌனமாயிருக்கவும் என்று அவை குருவுக்கு வழி காட்டும். இலத்தீனில் சிவப்பு என்பதற்கு 'ரூபர்' என்று பெயர். அதிலிருந்தே இக்குறிப்புகளுக்கு 'ரூப்ரிக்' என்னும் பெயர் வந்தது. குருமடத்தில் பல ஆண்டுகள் பழகிய எங்களுக்குச் சிவப்பு எழுத்தைக் கண்டவுடன், 'அடுத்துச் செய்ய வேண்டியது யாது?' என்னும் எண்ணமே எழும்.

நம் பிள்ளைகளுக்கு அவ்வாறன்று. சிவப்பு என்றால் அவர்களுக்கு நினைவில் வருவது விடைத்தாளின் மேல் ஆசிரியர் போட்ட கோடு. அதிலும் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குச் சென்ற பிள்ளைக்கு, அந்தச் சிவப்பு ஆங்கிலத்திலும் வந்துவிட்டால், 'உனக்கு இது ஆகாது' என்று யாரோ முகத்துக்கு நேரே சொன்னது போலாகிவிடுகிறது. கணிப்பொறித் திரையில் வரும் சில சிவப்பு வரிகளால் ஒரு பெண்பிள்ளை தன் படிப்பையே விட்டுவிட எண்ணியதை நேரில் கண்டதனால்தான் இதை எழுதுகிறேன். கணிப்பொறியைப் பற்றிக் குடும்ப இதழில் எழுதுவதா என்று முகம் சுளிக்கவேண்டாம். நம் இல்லங்களில் பிள்ளைகள் பலர் இப்போது இந்தப் படிப்பைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோர்க்கோ அவர்கள் எதனோடு போராடுகிறார்கள் என்பது தெரிவதில்லை.

எங்கள் பங்கு தருமபுரி மாவட்டத்தில் உள்ளது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு விகிதத்தில் கடைசியாக நின்ற மாவட்டம் இது. மழை பொய்த்தால் ஓசூருக்கும் பெங்களூருக்கும் பேருந்து ஏறுவது இங்குள்ள குடும்பங்களுக்குப் பழகிப்போன ஒன்று. கட்டட வேலைக்குச் சென்றவர்கள் கிறிஸ்மசுக்கும் பெரிய வியாழனுக்கும் வருவார்கள். இடையில் சாவு விழுந்தால் வருவார்கள். ஊரில் என்ன நடக்கிறது, எந்தக் கிளைக் கிராமத்தில் என்றைக்குப் பூசை, தம் தகப்பனாரின் ஆண்டு நினைவுப் பூசை எந்த வாரம் வருகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிவதில்லை. இதற்கென ஒரு சிறு கைப்பேசிச் செயலி செய்யலாம் என்று இளைஞர் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. பூசை நேரங்கள், பாடல் எண்கள், இறந்தோர் பதிவேட்டிலுள்ள பெயர்களும் நாட்களும்: இவ்வளவே அதில் இருக்கவேண்டியவை. கணிப்பொறிப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருந்த ஒரு பெண், "ஃபாதர், இதையே நான் கல்லூரிக்குச் செய்முறைத் திட்டமாகக் கொடுத்துக்கொள்கிறேனே" என்றாள். எல்லார்க்கும் மகிழ்ச்சி.

அவளுடைய தகப்பனார் பெங்களூரில் கொத்தனார். தாயார் வீட்டிலிருந்து புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் கூலி வேலை செய்பவர். வீட்டில் கணிப்பொறி கிடையாது. பங்கு அலுவலகத்தில் பழைய கணிப்பொறி ஒன்று இருந்தது. அதிலிருந்த விண்டோஸ் 10-க்கு, 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு அந்த நிறுவனம் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. புதிய விண்டோஸை ஏற்கும் தகுதி அந்தப் பழைய பெட்டிக்கு இல்லை. ஆகவே பெங்களூரில் மென்பொருள் வேலையிலிருக்கும் நம் பங்கு இளைஞர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, அதில் லினக்ஸ் மின்ட் என்பதை நிறுவிக் கொடுத்துவிட்டுச் சென்றார். செலவு ஒரு காசும் இல்லை.

லினக்ஸைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், மென்பொருளைப் பயன்படுத்தவும் பிரித்துப் பார்க்கவும் மாற்றவும் பிறர்க்குக் கொடுக்கவும் எவர்க்கும் உரிமை வேண்டும் என்று ஓர் இயக்கம் தொடங்கினார். 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர், தாம் ஓய்வு நேரத்தில் எழுதிவந்த இயக்குதளம் ஒன்றைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அவருக்கு அப்போது வயது 21. அதன் உட்கருவே லினக்ஸ். நம் நாட்டில் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் இதனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் இயக்குதளத்தை உருவாக்கியது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு இந்த 'பாஸ்' லினக்ஸும் அவற்றில் வைத்துக் கொடுக்கப்பட்டது. பெரும்பாலான பிள்ளைகள் அதைத் திறந்தும் பார்க்கவில்லை என்பது வேறு. நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளேயும் இயங்குவது லினக்ஸ் உட்கருதான். தெரியாமலே நாம் எல்லாரும் அதைக் கையாண்டு வருகிறோம்.

அதே 1991 மே மாதம் 3-ஆம் நாள் பிறந்தவர் கார்லோ அக்குத்திஸ். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை 14-ஆம் லியோ அவரைப் புனிதராக அறிவித்ததை யாவரும் அறிவோம். கணிப்பொறி நிரல் எழுதத் தாமே கற்றுக்கொண்டு, நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்த சிறுவர் அவர். 15 வயதில் இறந்தார். அவரது படத்தை அந்தப் பெண் கணிப்பொறிக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்தாள். நல்ல காரியம்தான். ஆனால் படத்தை ஒட்டிய அன்றைக்கும் செயலி உருவாகவில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் பாதி எழுதி முடித்ததைப் பென்டிரைவில் கொண்டு வந்து இந்தக் கணிப்பொறியில் ஏற்றியிருந்தாள். நிரல் எழுதுவது ஒன்று. எழுதியதையும், அதற்குத் துணையான நூலகங்களையும், படங்களையும் ஒன்றுதிரட்டிக் கைப்பேசியில் நிறுவத்தக்க ஒரே கோப்பாகக் கட்டுவது மற்றொன்று. அந்தக் கட்டும் வேலையைச் செய்யும் கருவிக்கு 'கிரேடில்' என்று பெயர். நம் ஊர்க் கொத்தனார் வேலையோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். செங்கல் ஓரிடத்திலிருந்து வரும், மணல் ஓரிடத்திலிருந்து வரும், கம்பி ஓரிடத்திலிருந்து வரும். எதில் ஒன்று தவறினாலும் மேஸ்திரி வேலையை நிறுத்திவிடுவார். கிரேடிலும் அப்படியே நிறுத்திவிட்டுச் சிவப்பு எழுத்தில் ஏதோ எழுதிக் காட்டும்.

அவள் அதைப் படிக்கவில்லை. சிவப்பைக் கண்டதும் முகம் வாடி, திரையைத் துடைத்துவிட்டு, முழுவதையும் அழித்து மறுபடி தொடக்கத்திலிருந்து ஏற்றுவாள். நான்கு முறை இப்படி நடந்தது. எதையும் பாவமென்று அஞ்சும் மனச்சாட்சி கொண்டவர்கள் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் செய்வதும் இதுவே. சொன்ன பாவத்தையே திரும்பச் சொல்லி, எது குற்றம், எது குற்றமில்லை என்று பிரித்துப் பாராமல், வாழ்க்கை முழுவதையும் அழித்து எழுத விரும்புவார்கள். அவர்களுக்கு ஆன்ம குரு முதலில் கற்றுக்கொடுப்பது நிதானம்.

ஒரு மாலை செபமாலைக்குப் பின் அவளுடைய தாயார் வந்து நின்றார். "சாமி, பிள்ளை படிப்பை நிறுத்துகிறேன் என்கிறாள். எனக்கு மூளை இல்லை, இங்கிலீஷும் வரவில்லை என்கிறாள். அவள் அப்பா ஓசூர்க் கம்பெனி ஒன்றில் சொல்லி வைத்திருக்கிறார், ஈஸ்டர் முடிந்ததும் சேர்த்துவிடலாம் என்கிறார்" என்றார். கம்பெனி வேலை இழிவானதன்று. ஆனால் இறுதியாண்டில் நிற்கும் முதல் பட்டதாரிப் பிள்ளை, நான்கு சிவப்பு வரிகளுக்கு அஞ்சி அங்கே போவது எனக்கு ஒப்பவில்லை.

எனக்குக் கணிப்பொறி நிரல் தெரியாது. அவளுக்கு ஆங்கிலம் சரளமாக வாராது. ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்: சிவப்பு எழுத்தை நான் படித்துத் தமிழில் சொல்வது, அதன் பொருள் என்னவென்று நிரல் அறிந்த அவள் எனக்குச் சொல்வது. மறைநூல் விளக்கம் கற்பித்த பேராசிரியர்கள் எங்களுக்கு முதலில் கற்பித்தது, நூல் என்ன சொல்லவில்லை என்பதை விட்டுவிட்டு, என்ன சொல்கிறது என்பதைப் பார்க்கவேண்டும் என்பதே. அந்தப் பயிற்சி இங்கே பயன்பட்டது.

படித்தபோது எனக்கே வியப்பு. கிரேடில் தன் தோல்வியை அறிவிக்கும்போது ஒரு கட்டுக்கோப்பான முறையைப் பின்பற்றுகிறது. முதலில் கட்டுமானம் தோற்றது என்று ஒரு வரி. அதன்கீழ், 'என்ன தவறு நேர்ந்தது' என்னும் தலைப்பு. அதன்கீழ், 'முயன்று பார்' என்னும் தலைப்பு. முழு விவரம் கேட்டால் நூறு, இருநூறு வரிகள் கொட்டும். அவற்றுள் 'இதனால் விளைந்தது' என்று தொடங்கும் வரிகள் சில வரும். ஒன்றுக்கு ஒன்று காரணமாய்ச் சங்கிலி போல் இறங்கும் அவற்றில், கடைசியாக வருவதே பெரும்பாலும் மூலகாரணம். நூறு வரியையும் கண்டு மிரளவேண்டியதில்லை.

முதல் மாலையில் வந்த வரி, 'அனுமதி மறுக்கப்பட்டது' என்பது. அதைப் படித்ததும் அவள், "நம்மைத்தான் மறுக்கிறது, ஃபாதர்" என்றாள். அவளையன்று. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் படிக்கும் உரிமை, எழுதும் உரிமை, இயங்கும் உரிமை என்று மூன்று உண்டு. விண்டோஸிலிருந்து பென்டிரைவில் ஏறி வந்த கோப்புகளோடு இந்த இயங்கும் உரிமை சேர்ந்து வருவதில்லை. ஆகவே கிரேடிலை இயக்கவேண்டிய கோப்பு அங்கேயே இருந்தும், இயங்க அதற்கு உரிமை இல்லை. எங்கள் நிலையும் இதுதான் என்று சொன்னேன். குருப்பட்டம் பெற்றிருந்தாலும், பாவசங்கீர்த்தனம் கேட்க உரிய அதிகாரம் அளிக்கப்பட்டாலன்றி ஒரு குரு அத்தொட்டியில் அமர இயலாது. பட்டம் வேறு, அதிகாரம் வேறு. 'சிஹெச்மாட்' என்னும் ஒரு கட்டளையில் அந்த அதிகாரத்தை அவள் கொடுத்தாள். அரை நிமிட வேலை. இதற்காகத்தான் நான்கு முறை எல்லாவற்றையும் அழித்திருந்தாள்.

அடுத்தது எளிது. ஆண்ட்ராய்டுக்கான கருவிப்பெட்டி இருக்குமிடம் காணவில்லை என்று வந்தது. கல்லூரிக் கணிப்பொறியில் அப்பெட்டி எங்கே இருந்ததோ அந்த முகவரியே ஒரு கோப்பில் எழுதப்பட்டு, கூடவே வந்துவிட்டது. குடி பெயர்ந்தவர் பழைய வீட்டு முகவரியையே சொல்லிக்கொண்டிருந்தது போலத்தான். எந்தக் கோப்பில் முகவரியை மாற்றவேண்டும் என்பதையும் அந்தச் சிவப்பு வரியே சொல்லியிருந்தது. அதன்பின் உரிம ஒப்பந்தங்களை ஏற்கவில்லை என்று ஒன்று, ஏற்றுக்கொண்டோம்.

மூன்றாம் மாலையில் வந்ததுதான் எங்களைத் தடுமாறச் செய்தது: 'ஆதரிக்கப்படாத வகுப்புக் கோப்பு, பெரும் பதிப்பு 65.' ஆங்கிலத்தைத் தமிழாக்கியும் ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் 65 என்று எதையும் நிறுவியதில்லை. பெங்களூர் இளைஞரைத் தொலைபேசியில் கூப்பிட்டோம். அவர் விடை சொல்லாமல், "அந்த எண்ணிலிருந்து 44-ஐக் கழித்துப் பாருங்கள்" என்றார். கழித்தால் 21. "நம் கணிப்பொறியில் இருக்கும் ஜாவா 21, ஃபாதர்!" என்று அவள் துள்ளினாள். ஜாவா என்பது இந்த நிரல்களுக்கெல்லாம் அடித்தளமான ஒரு மொழி. அதன் ஒவ்வொரு பதிப்பும் தான் உருவாக்கும் கோப்பில் ஓர் எண்ணைப் பொறித்து வைக்கும். 8-ஆம் பதிப்புக்கு 52, 11-க்கு 55, 17-க்கு 61, 21-க்கு 65. எங்கள் லினக்ஸ் இயல்பாகத் தந்தது ஜாவா 21. கல்லூரியிலிருந்து வந்த கிரேடிலோ அதற்கு முற்பட்ட காலத்தது. தனக்குப் பின் பிறந்ததை அது படிக்க அறியாது. புதிய ஜாவாவுக்குப் பக்கத்திலேயே 17-ஐயும் நிறுவி, இந்த வேலைக்கு இதையே எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டோம். லினக்ஸில் ஒரே மென்பொருளின் இரு பதிப்புகள் ஒரே கூரையின்கீழ்ச் சண்டையின்றி வாழ முடியும். சில கூட்டுக் குடும்பங்களை நினைத்துக்கொண்டேன்.

இதற்குப் பிறகு அவளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. சிவப்பு வந்தால், "இருங்கள் ஃபாதர், என்ன சொல்கிறதென்று பார்ப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். ஒரு நீண்ட நோட்டுப் புத்தகம் வாங்கி, இடப்பக்கம் ஆங்கில வரியை அப்படியே எழுதி, வலப்பக்கம் தமிழில் பொருளும், செய்த மருத்துவமும், நாளும் குறிக்கத் தொடங்கினாள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்வது, செய்தபின் மறுபடி கட்டிப் பார்ப்பது என்ற விதியையும் அவளே வகுத்துக்கொண்டாள். மூன்றை ஒரே வேளையில் மாற்றினால், எது குணமாக்கியது என்பது தெரியாமல் போகுமல்லவா?

நூலகம் ஒன்று கிடைக்கவில்லை என்று வந்தபோது உண்மையில் ஒரு கடையே மூடப்பட்டிருந்தது. ஆண்ட்ராய்டு நிரல்களுக்கு வேண்டிய உதிரிகளை இலவசமாக வைத்துத் தந்த 'ஜேசென்டர்' என்னும் கிடங்கை மூடப்போவதாக, அதை நடத்திய நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. ஆனால் பழைய பாடக்குறிப்புகளில் அதன் பெயர் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதும் பிள்ளைகள், ஆள் இல்லாத கடையின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். 'மேவன் சென்ட்ரல்' என்னும் வேறு கிடங்கின் பெயரை எழுதியதும் ஏறக்குறைய எல்லாம் வந்து சேர்ந்தன. நாட்காட்டி காட்டும் ஓர் உதிரி மட்டும் அங்கேயும் இல்லை. அதை விட்டுவிட்டு, நாட்களை வெறும் பட்டியலாகக் காட்டும்படி எழுதிவிட்டாள். எனக்குக் கேட்டால் அதுவே மேல். நம் பாட்டிமார்க்குப் பட்டியல்தான் படிக்க வரும்.

கோவில் படத்தைச் சேர்த்தபோது ஒரு வேடிக்கை. படத்தின் பெயரில் முதல் எழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். இத்தகைய பெயர்களில் சிறிய எழுத்தும், எண்ணும், அடிக்கோடும் மட்டுமே இருக்கலாம் என்பது ஆண்ட்ராய்டின் விதி. சிறிய எழுத்தில் ஒரு படி எடுத்து வைத்தாள்; பிழை போகவில்லை. லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. ஆகவே பழையதும் புதியதுமாய் இரண்டு படங்களும் ஒரே அறையில் அருகருகே உட்கார்ந்திருந்தன. விண்டோஸில் இது நேர்ந்திராது. நம் தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பேதமே இல்லாததால், நம் பிள்ளைகளின் கண் இதில் எளிதாய் வழுக்கிவிடுகிறது. ஆனால் ஒரு சிறு சுழியால் எழுத்து வேறாகும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். ஓலைச்சுவடியில் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒன்றோடொன்று மயங்கிக் கிடந்த காலத்தில், வடிவத்தில் அவற்றைத் தெளிவாகப் பிரித்து வைத்தவர் 18-ஆம் நூற்றாண்டில் இங்கே உழைத்த இத்தாலியக் குருவான வீரமாமுனிவர். இதைச் சொன்னபோது அவள் நோட்டின் ஓரத்தில் அவர் பெயரையும் எழுதிக்கொண்டாள். எதற்கென்று தெரியவில்லை.

கடைசியாக வந்ததுதான் கொடியது. எல்லாம் சரியாகி, கட்டுமானம் பத்து நிமிடம் நல்லபடி ஓடி, முடியும் தறுவாயில் ஒரு வரி வந்தது. அதைத் தமிழில் படித்துச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது: 'கிரேடிலின் டீமன் எதிர்பாராமல் மறைந்துவிட்டது.' பேய் தானாகவே ஓடிவிட்டால் குருவுக்கு என்ன குறை! ஆனால் இங்கே அதற்குப் பொருள் வேறு. பழங்கிரேக்கத்தில் 'டைமோன்' என்றால் கூடவே இருந்து வழிநடத்தும் ஆவி. கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் ஓசையின்றி உழைக்கும் நிரலுக்குக் கணிப்பொறியாளர் அப்பெயரை வைத்தார்கள். அந்த உழைப்பாளி பாதி வேலையில் காணாமற்போய்விட்டான். கொல்லப்பட்டிருக்கலாம், விழுந்திருக்கலாம் என்று மட்டுமே அந்த வரி சொல்லிற்று. ஏன் என்று சொல்லவில்லை.

மூன்று இரவுகள் போயின. தவக்காலம் பாதி கடந்துவிட்டது. கல்லூரியில் ஒப்படைக்க இன்னும் ஒன்பது நாள். அவளுடைய தகப்பனார் ஒரு ஞாயிறு வந்திருந்தார். பூசை முடிந்ததும் அலுவலக வாசலில் நின்று, மகள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "கட்டடம் ஏன் நின்றது என்று மேஸ்திரியைக் கேட்டால் அவனுக்குத் தெரியாமலும் இருக்கும், சாமி. வாட்ச்மேனைக் கேட்டால் சொல்லுவான்" என்றார். எங்கள் வேலையைப் பற்றித்தான் சொன்னாரா, தம் வேலையைப் பற்றிச் சொன்னாரா, அறியேன். ஆனால் அன்றிரவு அவள் கிரேடிலைக் கேட்பதை விட்டுவிட்டு, லினக்ஸின் உட்கரு தனக்கென எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பேட்டைத் திறக்கும் கட்டளையைத் தேடிக் கண்டுபிடித்தாள். கணிப்பொறிச் செய்திகளைத் தமிழில் எழுதிவரும் 'கணியம்' இதழின் கட்டுரைகள் அவளுக்கு அந்நாட்களில் பெருந்துணை. குறிப்பேட்டின் அடியில் இருந்தது காரணம்: நினைவகம் தீர்ந்தது, ஆகவே இந்த நிரல் கொல்லப்பட்டது.

எங்கள் பெட்டியின் நினைவகம் நான்கு ஜி.பி. மட்டுமே. நினைவகம் முற்றும் தீர்ந்துபோகும் நிலை வந்தால், கணிப்பொறி முழுவதும் உறைந்துபோகாதபடி, மிகுதியாய் விழுங்கிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்றை லினக்ஸ் தேர்ந்தெடுத்து நிறுத்திவிடும். கிரேடிலைக் கொன்றது வேறு எவருமல்லர், வீட்டுக்காரரே. மருந்து மூன்று: கிரேடில் இவ்வளவுக்கு மேல் நினைவகம் எடுக்கக்கூடாது என்று அதன் அமைப்புக் கோப்பில் வரம்பு கட்டுவது, வட்டில் ஒரு பகுதியை அவசர காலத்து நினைவகமாய் ஒதுக்குவது (இதை 'ஸ்வாப்' என்பார்கள்), கட்டும் நேரத்தில் பெரிய எழுதுகருவியையும் இணைய உலாவியையும் மூடிவிட்டு, வெறும் கட்டளைத் திரையிலிருந்து கட்டுவது. மூன்றையும் அவள் ஒவ்வொன்றாகவே செய்தாள். மூன்றாவதைச் செய்தபின், இருபத்தாறு நிமிடம் ஓடி, பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது. இரவு பத்தே காலுக்கு உபதேசியார் வீட்டுக் கதவையும் தட்டி எழுப்பி அவரது கைப்பேசியில் நிறுவினார்கள்.

திட்டத்தை உரிய நாளில் ஒப்படைத்துவிட்டாள். வாய்மொழித் தேர்வில், "ஏன் நாட்காட்டி இல்லை?" என்று கேட்டார்களாம், ஜேசென்டர் மூடப்பட்ட வரலாற்றைச் சொல்லியிருக்கிறாள். ஓசூர்க் கம்பெனிப் பேச்சை அவள் தகப்பனார் இப்போதைக்கு எடுப்பதில்லை. மேற்படிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது தீராத கேள்வியாகவே நிற்கிறது. வின்சென்ட் தே பால் சபையார் ஒரு பகுதிக்குப் பொறுப்பேற்றிருக்கிறார்கள்.

பெற்றோர்க்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளை கணிப்பொறிக்கு முன் முகம் வாடி உட்கார்ந்திருந்தால், 'உனக்கு எதற்கு இந்தப் படிப்பு' என்று தொடங்காதீர்கள். உங்களுக்கு ஒரு எழுத்தும் விளங்கவேண்டுமென்பதில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, "அதில் என்ன எழுதியிருக்கிறது, எனக்குப் படித்துச் சொல்" என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்கும்படி சொல்ல முயலும்போதே பாதி அவிழ்ந்துவிடும்; எங்கள் அலுவலகத்தில் பலமுறை நான் செய்தது அதற்குமேல் ஒன்றுமில்லை.

நோட்டுப் புத்தகம் இப்போது பங்கு அலுவலகத்து மேசையிலேயே இருக்கிறது. மற்ற மூன்று பிள்ளைகளும் அதில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். கையெழுத்துகள் மாறி மாறி வருகின்றன. நேற்று பார்த்தபோது 31-ஆம் எண்ணின் இடப்பக்கம் மட்டும் நிரம்பியிருந்தது. பழைய கைப்பேசி ஒன்றில் செயலி ஏறமாட்டேன் என்கிறது. அவளுடைய தாயாரின் கைப்பேசிதான் அது. வலப்பக்கத்தில் பென்சிலால், 'எந்த ஆண்ட்ராய்டு என்று முதலில் பார்க்கவேண்டும்' என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.